மழை விட்ட மைதானத்தில் இறங்குமுன்: உதைபந்தாட்ட அணிக்குப் பன்னிரண்டு கிழமைப் பயிற்சி

தை மாதம் மழை ஓய்ந்து, மைதானத்தில் நின்ற வெள்ளம் வற்றியதும் மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் கழகங்கள் பந்தோடு இறங்கிவிடும். இரண்டு மூன்று மாதம் சும்மா கிடந்த கால்கள் முதல் நாளே முழு ஆட்டம் ஆடும். மூன்றாம் கிழமை வந்து பார்த்தால் ஒருவருக்கு முன்னங்கால் எலும்போரம் வலி, இன்னொருவருக்குப் பின்தொடை இழுத்துவிட்டது, கோல்காப்பாளருக்கு நாரிப் பிடிப்பு. அணியில் பதினொரு பேரைச் சேர்ப்பதே பாடாகிவிடும்.

இதற்குக் காரணம் உண்டு. மூச்சு இரண்டு மூன்று கிழமைக்குள் தேறிவிடும். தசை பலப்பட ஆறு முதல் எட்டுக் கிழமை செல்லும். தசையை எலும்போடு கட்டும் தசைநாணுக்கும் எலும்புக்கும் மாதக்கணக்கு வேண்டும். அதிலும் எலும்பு, புதிய சுமை வந்ததும் முதலில் பழைய பகுதியைக் கரைத்துவிட்டுத்தான் புதிதாகக் கட்டத் தொடங்கும். ஆகவே மூன்றாம், நான்காம் கிழமைகளில் அது முன்பிருந்ததைவிடச் சற்றுப் பலவீனமாகவே இருக்கும். மூச்சுத் தாங்குகிறதே என்று சுமையைக் கூட்டுகிறோம். எலும்பும் நாணும் அந்த வேகத்துக்கு வருவதில்லை. காயம் வருவது அந்த இடைவெளியில். கீழே சொல்லும் பன்னிரண்டு கிழமைத் திட்டம் முழுவதும் இந்த இடைவெளியைச் சுருக்குவதற்கானது. பயிற்றுவிப்பாளர் இல்லாத ஊர்க் கழகமும் ஒரு நாடா, ஒரு கடிகாரம், ஒரு கொப்பி இருந்தால் இதைச் செய்யலாம்.

முதல் நாள்: அளவெடுத்தல்

12 நிமிட ஓட்டத்திலிருந்து தொடங்குங்கள். 400 மீற்றர் ஓடுபாதை இல்லையென்றால் மைதானத்தின் எல்லைக்கோட்டை நாடாவால் அளந்துகொள்ளுங்கள். 100 மீற்றர் நீளமும் 64 மீற்றர் அகலமும் உள்ள மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றினால் 328 மீற்றர். காலை ஆறு மணிக்கு, பத்து நிமிடம் உடலைச் சூடாக்கிய பின், 12 நிமிடத்தில் ஒவ்வொருவரும் எவ்வளவு தூரம் ஓடினார் என்று குறித்துக்கொள்ளுங்கள். வளர்ந்த ஆண் வீரர் 2400 மீற்றரைத் தாண்டினால் தொடக்கத்துக்குப் போதும். 2800 வந்தால் நல்ல நிலை. இதில் எல்லோரும் விடும் பிழை முதல் சுற்றிலேயே பாய்வது. முதல் இரண்டு நிமிடம் கையிருப்பு வைத்து ஓடியவரின் கணக்குத்தான் உண்மையான கணக்கு. நான்காம், எட்டாம், பன்னிரண்டாம் கிழமை முடிவுகளிலும் அதே மைதானத்தில், அதே நேரத்தில் திரும்ப ஓடவிடுங்கள். மாலை வெயிலில் ஓடி, காலைக் கணக்கோடு ஒப்பிடுவதில் பயனில்லை.

இரண்டாவது அளவு ஒவ்வொரு நாளும் எடுப்பது. பயிற்சி முடிந்து அரை மணித்தியாலம் கழித்து ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி: இன்றைய பயிற்சி 0 முதல் 10 வரை எவ்வளவு கடினம்? வரும் எண்ணைப் பயிற்சி நிமிடத்தால் பெருக்குங்கள். 25 நிமிட மெல்லோட்டம், கடினம் 3 என்றால் சுமை 75. அரை மணித்தியாலப் பலப் பயிற்சி, கடினம் 5 என்றால் 150. கிழமையில் மூன்று ஓட்டமும் இரண்டு பலப் பயிற்சியும் சேர்ந்தால் 525. அடுத்த கிழமை இது 580ஐத் தாண்டவிடாதீர்கள். அதாவது பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்ட வேண்டாம். இந்தப் பத்து வீதம் கல்லில் எழுதிய சட்டமில்லை. ஆனால் கடிவாளம் இல்லாத அணிக்கு இது நல்ல கடிவாளம்.

நம் பகுதியில் இந்தக் கொப்பியில் இன்னொரு வரியும் வேண்டும்: அன்றைய வேலை. விடிய இரண்டு மணித்தியாலம் கரைவலை இழுத்தவரிடம் கேட்டால் கடினம் 6 என்பார். 120ஐ 6ஆல் பெருக்கினால் 720. அணியின் ஒரு கிழமைச் சுமையை அவர் காலைச் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிட்டார். மாசி, பங்குனியில் வயல் அறுவடைக்குப் போகிறவர்களும் அப்படித்தான். அவர்கள் மாலையில் பின்தங்கினால் சோம்பல் என்று கத்தாமல் அன்றைக்குப் பந்துப் பயிற்சியை மட்டும் கொடுத்து அனுப்புங்கள்.

ஒன்று முதல் நான்காம் கிழமை வரை

கிழமைக்கு மூன்று மெல்லோட்டம், இரண்டு பலப் பயிற்சி, குறைந்தது ஒரு நாள் முழு ஓய்வு. மெல்லோட்டம் முதல் கிழமை 25 நிமிடம். இரண்டாம் கிழமை 28. மூன்றாம் கிழமை 31. நான்காவது மெதுக் கிழமை: மொத்தச் சுமையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிடுங்கள். உடல் பலப்படுவது ஓய்வில்தான். பயிற்சி அதைக் கேட்டுக்கொள்கிறது, தூக்கமும் சாப்பாடும் கட்டிக் கொடுக்கின்றன. மெதுக் கிழமையைத் தவிர்க்கும் அணிகளில்தான் முன்னங்கால் வலி அதிகம்.

மெல்லோட்டம் என்றால் பக்கத்தில் ஓடுபவரோடு முழு வசனமாகக் கதைத்துக்கொண்டே ஓட முடிய வேண்டும். நாடி பார்ப்பதாக இருந்தால், வயதை 0.7ஆல் பெருக்கி 208இலிருந்து கழியுங்கள். அது உங்கள் உச்ச நாடியின் ஏறத்தாழ அளவு. 20 வயதுக்காரருக்கு 194. மெல்லோட்டத்தில் அதன் 65 முதல் 75 வீதம் போதும். நின்றவுடன் கழுத்துப் பக்கத்தில் இரண்டு விரல் வைத்து 15 செக்கன் எண்ணினால் 32க்கும் 36க்கும் இடையில் வரவேண்டும். இளம் வீரர்கள் இதை அவமானமாக நினைத்து வேகத்தைக் கூட்டுவார்கள். தினமும் நடுத்தர வேகத்தில் ஓடுபவருக்கு, மெதுவாக ஓடவேண்டிய நாளில் ஆறுதலும் இல்லை, வேகமாக ஓடவேண்டிய நாளில் வேகமும் இல்லை.

எங்கே ஓடுவது? மட்டக்களப்பு அணிகளுக்குக் கல்லடிக் கடற்கரை கையெட்டும் தூரத்தில் இருக்கிறது, ஆனால் காய்ந்த, இறுகாத மணலில் ஓடுவதற்குத் தார் வீதியில் ஓடுவதைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கும் மேல் சக்தி செலவாகும். குதிக்கால் ஒவ்வொரு அடியிலும் கீழே இறங்குவதால் கெண்டைக்காலும் குதிநாணும் இழுபடும். முதல் நான்கு கிழமையில் இறுகாத மணலில் 10 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அலை நனைத்த இறுகிய மணல் நல்லது. அதற்கும் ஒரு குறை உண்டு. கரை கடலை நோக்கிச் சரிந்திருக்கும். ஒரே திசையில் அரை மணித்தியாலம் ஓடினால் மேட்டுப்பக்கக் காலும் பள்ளப்பக்கக் காலும் ஒரே மட்டத்தில் ஊன்றாமல், இடுப்பிலும் முழங்காலின் வெளிப்பக்கத்திலும் வலி கிளம்பும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பி எதிர்த்திசையில் ஓடுங்கள். சரிவு மற்றக் காலுக்கு மாறிவிடும்.

1924இல் திறந்த பழைய கல்லடிப் பாலம் 300 மீற்றருக்குச் சற்றுக் குறைவு. தூரம் அறிந்த இடம் என்பதால் அதிகாலையில் வேக அளவு பார்க்க உதவும். ஆனால் தளம் கடினம், நல்ல சப்பாத்து இல்லாமல் ஓட வேண்டாம். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே உள்ள எழுவான்கரையில் சொல்லும்படியான மேடு கிடையாது. ஏற்றத்தில் ஓடிப் பழக விரும்பும் அணிகள் வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் குளக்கட்டுச் சரிவுகளைப் பயன்படுத்தலாம். யானை நடமாடும் ஊர்களில் நன்றாக விடிந்த பிறகு, கூட்டமாக மட்டும் போங்கள். மைதானத்தில் வெறுங்காலோடு பழகுகிறவர்கள் காய்ந்த மாதங்களில் நெருஞ்சி முள்ளைப் பார்த்துப் பொறுக்கிவிட்டு இறங்குங்கள். குத்திய காலைத் தாங்கித் தாங்கி ஓடினால் மற்றக் கால் கெடும்.

ஜிம் இல்லாத பலப் பயிற்சி

20 லீற்றர் கான் நிறையத் தண்ணீர் பிடித்தால் 20 கிலோ. உரப்பையில் 10 லீற்றர் வாளியளவு உலர் மணல் கட்டினால் ஏறத்தாழ 16 கிலோ. உதைபந்தாட்ட வீரருக்குத் தொடக்கத்தில் இதற்கு மேல் தேவையில்லை.

மணல் பையை மார்போடு அணைத்துக்கொண்டு குந்தி எழும்புதல், 8 தடவை, மூன்று சுற்று. குதிக்கால் நிலத்தைவிட்டுக் கிளம்பக்கூடாது. முழங்கால்கள் உள்ளே சாயாமல் கால்விரல் பார்க்கும் திசையிலேயே போகவேண்டும். அடுத்து, ஒரு காலை முன்னே வைத்து இறங்கி எழும்புதல், காலுக்கு 8. படியின் ஓரத்தில் ஒற்றைக் காலில் நின்று குதிக்காலை உயர்த்தி இறக்குதல்: முதல் நாள் காலுக்கு 10, பன்னிரண்டாம் கிழமையில் 25. கெண்டைக்கால், குதிநாண் காயங்களுக்கு இதைவிட மலிவான காப்பு இல்லை.

பின்தொடைக்கு ஒரு பயிற்சியைக் கட்டாயம் என்று வையுங்கள். மடித்த சாக்கில் முழந்தாளிட்டு நிற்க, தோழர் கணுக்கால் இரண்டையும் அமர்த்திப் பிடிப்பார். முழங்காலிலிருந்து தலைவரை நேர்கோடாக வைத்துக்கொண்டு முன்னுக்கு மெல்ல, மெல்லச் சாயவேண்டும். தாங்க முடியாத இடத்தில் கைகளை ஊன்றி விழுந்து, கையால் தள்ளி எழும்பலாம். முதல் கிழமை 4 தடவை, இரண்டு சுற்று, ஒரே ஒரு நாள். பிறகு மெல்லக் கூட்டி எட்டாம் கிழமையில் 8 தடவை, மூன்று சுற்று. இதை ஒழுங்காகச் செய்த அணிகளில் பின்தொடைக் காயம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருக்கிறது. பலர் செய்யும் பிழை இடுப்பை மடித்துக்கொண்டு இறங்குவது. அப்போது சுமை பின்தொடைக்குப் போகாது. முதல் தடவை செய்த பின் இரண்டு நாள் தொடை நோகும். ஆட்டத்துக்கு முந்திய இரண்டு நாளும் இதைச் செய்யவேண்டாம்.

இதோடு முழங்கையை ஊன்றி உடலை நேராகப் பிடித்து நிற்றல் 30 செக்கன், பக்கவாட்டாக இரு புறமும் 20 செக்கன்.

பந்தைத் தொடுமுன் 20 நிமிடம்

பீபாவின் 11+ என்ற சூடாக்கல் முறை இலவசமாகக் கிடைக்கிறது: எட்டு நிமிட மெல்லோட்டமும் அசைவுகளும், பத்து நிமிடப் பலம், சமநிலை, பாய்தல், கடைசி இரண்டு நிமிட வேக ஓட்டம். கிழமைக்கு இரண்டு தடவையாவது தவறாமல் செய்த அணிகளில் காயங்கள் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இறங்கியிருக்கின்றன. முழங்கால் தசைநார் அறுதல் பெண் வீரர்களுக்கு ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம் என்பதால் பெண்கள் அணிகள் இதை ஒரு நாளும் விடக்கூடாது. பாய்ந்து இறங்கும்போது முழங்கால் உள்ளே சாய்கிறதா என்று ஒருவர் முன்னால் நின்று பார்த்துச் சொல்லவேண்டும். சத்தமில்லாமல் இறங்கச் சொன்னாலே பாதிப் பேர் திருந்துவார்கள்.

நின்ற இடத்தில் ஒரு தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்துப் பிடிப்பது பாய்ச்சலையும் வேகத்தையும் சற்றே குறைக்கும். அதைப் பயிற்சி முடிந்த பின் வையுங்கள்.

ஐந்து முதல் எட்டாம் கிழமை வரை

ஒரு முழு ஆட்டத்தில் வீரர் ஒருவர் ஏறத்தாழ 10 கிலோமீற்றர் நகர்கிறார். பெரும்பகுதி நடையும் மெல்லோட்டமும். ஆட்டத்தை முடிவு செய்வது இடையிடையே வரும் பாய்ச்சல்களும், பாய்ந்த பிறகு எவ்வளவு கெதியாக மூச்சைப் பிடித்துக்கொள்கிறார் என்பதும்தான். அதற்கு நான்கு நிமிட ஓட்டம், நான்கு தடவை. நாடி உச்சத்தின் 90 வீதத்தைத் தொடவேண்டும். 20 வயதுக்காரருக்கு 15 செக்கனில் 44. இரண்டு மூன்று சொல் மட்டுமே கதைக்க முடியும், ஆனால் நான்காவது தடவையும் முதல் தடவை ஓடிய தூரத்தையே ஓட முடிய வேண்டும். இடையில் மூன்று நிமிடம் மெல்ல ஓடுங்கள், உட்காரவேண்டாம். ஐந்தாம் கிழமை ஒரு நாள், மூன்று தடவை மட்டும். ஆறாம் கிழமை ஒரு நாள், நான்கு தடவை. ஏழாம் கிழமை இரண்டு நாள், நடுவில் 48 மணித்தியால இடைவெளி. எட்டாவது மெதுக் கிழமை.

ஓட்டம் சலித்தால் 30 க்கு 40 மீற்றர் செவ்வகத்தில் நாலுக்கு நாலு ஆட்டம் வையுங்கள், அதே நான்கு நிமிடம். பந்து வெளியே போனவுடன் உள்ளே எறிய இருவர் பந்தோடு நிற்கவேண்டும்; இல்லையேல் நாடி இறங்கிவிடும், பயிற்சி வெறும் விளையாட்டாகிவிடும்.

மெல்லோட்டம் கிழமைக்கு ஒன்றோ இரண்டோ, 35 நிமிடம். பலப் பயிற்சி தொடரும். மணல் பைப் பயிற்சியில் தடவையைக் கூட்டாமல் பையில் மணலைக் கூட்டுங்கள்.

ஒன்பது முதல் பன்னிரண்டாம் கிழமை வரை

வேகத்தைக் களைத்த காலில் பழக்க முடியாது. சூடாக்கல் முடிந்த கையோடு, பந்துப் பயிற்சிக்கு முன், 20 மீற்றர் முழு வேகம் ஆறு தடவை. ஒவ்வொன்றுக்கும் நடுவில் இரண்டு நிமிடம் நடை. இளைஞர்களுக்கு இந்த ஓய்வு அளவுக்கு மீறியதாகத் தெரியும், ஆனால் ஓய்வைக் குறைத்தால் பழகுவது களைப்பு, வேகம் அல்ல. கிழமையின் இன்னொரு நாள் 30 மீற்றர் பாய்ச்சல் ஆறு, 30 செக்கனுக்கு ஒன்று. நான்கு நிமிடம் ஆறி இன்னொரு சுற்று. கடைசிப் பாய்ச்சலின் நேரம் முதலாவதைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடினால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். அந்த எல்லையைத் தாண்டும்போதுதான் பின்தொடை கிழியும்.

நான்கு நிமிட ஓட்டம் கிழமைக்கு ஒன்றாகக் குறையும். பன்னிரண்டாம் கிழமையில் மொத்த அளவைப் பாதியாக்குங்கள், வேகத்தைக் குறைக்கவேண்டாம்.

வெயிலும் தண்ணீரும்

வைகாசிக்குப் பின் வறண்ட கச்சான் காற்று வீசும் காலத்தில் வியர்வை தோலிலேயே காய்ந்துவிடும். நனைந்ததே தெரியாமல் உடம்பு வற்றும். உடல் வெயிலுக்குப் பழக 10 முதல் 14 நாள் வேண்டும். முதல் நான்கு நாள் மாலைப் பயிற்சியை 45 நிமிடத்தோடு முடியுங்கள். பயிற்சிக்கு முன்னும் பின்னும் சட்டையைக் கழற்றி நிறை பாருங்கள். 62 கிலோவுக்காரர் அரை லீற்றர் குடித்தும் 60.8 கிலோவில் வந்து நின்றால் அவர் 1.7 லீற்றர் வியர்த்திருக்கிறார். உடல் நிறையில் இரண்டு வீதம் குறைந்தாலே ஓட்டம் தளரும், பந்துக் கணிப்புப் பிசகும். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றே கால் முதல் ஒன்றரை லீற்றர், இரண்டு மூன்று மணித்தியாலத்தில் மெல்ல மெல்லக் குடியுங்கள். ஒரேயடியாக வெறும் தண்ணீரை லீற்றர் கணக்கில் ஊற்றிக்கொள்வது இரத்தத்தில் உப்பைக் குறைத்து ஆபத்தில் விடும். ஒரு லீற்றரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு, விருப்பமானால் தேசிக்காய். இல்லையேல் உப்பும் சீனியும் கலந்து விற்கும் ஜீவனிப் பக்கற் ஒன்றை ஒரு லீற்றரில் கரையுங்கள். இளநீர் நல்லது, ஆனால் அதில் உப்பு குறைவு; சாப்பாட்டோடு குடிக்கலாம்.

வெயிலில் ஒருவர் தடுமாறி, சம்பந்தமில்லாமல் கதைத்தால், கோபப்பட்டால், விழுந்தால், அது வெப்ப அதிர்ச்சி. முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகுதான் ஏற்றிச் செல்லவேண்டும். நிழலுக்குக் கொண்டுபோய், மேலுடையைக் கழற்றி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஐஸ் இருந்தால் கழுத்து, அக்குள், அரைக்கவட்டில் வையுங்கள். ஒருவர் 1990க்கு அழைத்து இலவச அம்புலன்ஸைக் கூப்பிடட்டும். நினைவு தடுமாறுபவரின் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது.

நோன்பு மாதத்தில் பயிற்சியை நோன்பு திறந்து ஒன்றரை மணித்தியாலம் கழித்து வைப்பதே நல்லது. பகலில் செய்தே ஆகவேண்டுமென்றால் நோன்பு திறப்பதற்குச் சற்று முன் 30 நிமிடம், மெல்லியதாக. நோன்பு பிடிப்பவரும் பிடிக்காதவரும் கலந்த அணிகளில் இதற்கேற்ப எல்லோருமே நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

சாப்பாடு, தூக்கம்

கடும் பயிற்சிக் காலத்தில் உடல் நிறையின் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.6 கிராம் புரதம். 60 கிலோவுக்கு 72 முதல் 96 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் ஏறத்தாழ 20, ஒரு கைப்பிடிக் கச்சானில் (நிலக்கடலை) 7, அவித்த கௌபி ஒரு கோப்பையில் 13. காலையில் முட்டையும் கௌபியும், மத்தியானம் மீனும் பருப்பும், இரவு தயிரும் இருந்தால் டப்பா மாவுக்குக் காசு கொட்டத் தேவையில்லை. ஆட்டத்துக்கு மூன்று மணித்தியாலத்துக்கு முன் சோறோ பிட்டோ, எண்ணெயும் தேங்காய்ப்பாலும் குறைவாக. ஒரு மணித்தியாலத்துக்கு முன் வாழைப்பழம். பதின்ம வயதினருக்கு 8 முதல் 10 மணித்தியாலத் தூக்கம். அதைக் குறைத்துவிட்டு விடிய ஐந்து மணிப் பயிற்சிக்கு இழுப்பது காயத்துக்கு வழி.

வலியைப் படித்தல்

முன்னங்கால் எலும்பின் உள்ளோரம் ஒரு சாண் நீளத்துக்கு நோவாக இருந்து, சூடானதும் குறைந்தால் சுமையைப் பாதியாக்கி, ஓடும் தளத்தை மாற்றினால் பெரும்பாலும் ஆறிவிடும். ஒரு விரல் நுனியளவு இடத்தில் மட்டும் அழுத்தினால் துடிக்கிறது, இரவிலும் நோகிறது என்றால் எலும்பில் வெடிப்பு இருக்கலாம். ஓட்டத்தை அன்றே நிறுத்தி வைத்தியசாலைக்குப் போங்கள்.

கணுக்கால் சுளுக்கினால் நான்கு அடி எடுத்துவைத்து நடக்கிறாரா என்று பாருங்கள். முடியவில்லை, அல்லது கணுவெலும்பின் பின்னோரத்தை அழுத்தினால் உயிர் போகிறது என்றால் எக்ஸ்ரே வேண்டும். நடக்க முடிந்தால் இறுக்கிக் கட்டு, காலை உயர்த்தி வைத்தல், ஐஸ் ஒரு தடவைக்கு 15 நிமிடம். முதல் இரண்டு நாள் எண்ணெய் பூசி உருவுவதும் சூட்டு ஒத்தடமும் வீக்கத்தைக் கூட்டும். வலி குறைந்ததும் ஒற்றைக் காலில் நின்று பழகுங்கள். ஒற்றைக் காலில் பத்துத் தடவை துள்ளி, வலியில்லாமல் வெட்டித் திரும்பி ஓட முடிந்த பிறகே ஆட்டத்துக்கு விடுங்கள்.

காய்ச்சலோடு யாரும் மைதானத்துக்கு வரக்கூடாது. காய்ச்சல் விட்டபின் ஒரு நாளும் தாமதியாமல் ஓட நினைப்பவரை நிறுத்தி, இரண்டு நாள் நடக்கவிட்டு, மூச்சு முட்டாமல் இருக்கிறதா என்று பார்த்துத்தான் மெல்லோட்டத்துக்கு விடவேண்டும். டெங்கு வந்தவர் இரத்தப் பரிசோதனை சீராகி வைத்தியர் சொன்ன பிறகு, முதல் கிழமைச் சுமையிலிருந்து திரும்பத் தொடங்கட்டும். அவருக்குப் பன்னிரண்டு கிழமை புதிதாக எண்ணப்படும்.